எண்டோஸ்கோபி மயக்கத்தில் ஆக்சிஜன்: சாதாரணக் குழாயா, முகமூடியா, ஹைஃப்ளோவா?

முக்கூடல் பக்கத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியின் சுருக்கம் இது. அவருடைய அம்மாவுக்கு 62 வயது. பித்தக் குழாயில் கல் அடைத்து மஞ்சள் காமாலை வந்திருக்கிறது. ஈஆர்சிபி, அதாவது வாய் வழியாகக் கேமரா குழாய் (ஸ்கோப்) விட்டுப் பித்தக் குழாயில் செய்யும் எண்டோஸ்கோபி, செய்து கல்லை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு எடை 84 கிலோ, உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழே. தூங்கினால் அடுத்த வீடு வரை குறட்டை கேட்கும். சின்ன வயதில் இருந்து பீடி சுற்றியவர், மழைக்காலம் வந்தால் இளைப்பு உண்டு. பாளையங்கோட்டையில் இரண்டு இடத்தில் விசாரித்திருக்கிறார்கள். ஓர் இடத்தில், ‘மூக்கில் சாதாரண ஆக்சிஜன் குழாய் வைத்துத்தான் செய்வோம், பயப்பட ஒன்றுமில்லை’ என்றார்களாம். இன்னோர் இடத்தில், ‘எங்களிடம் ஹைஃப்ளோ மெஷின் இருக்கிறது, கட்டணம் கொஞ்சம் கூடும்’ என்றார்களாம். ‘எதை நம்புவது டாக்டர், அந்த மெஷின் உண்மையிலேயே தேவையா, இல்லை பில்லைக் கூட்டும் வேலையா?’ என்பது அவர் கேள்வி.

நான் மயக்க மருத்துவர். இந்தச் சீமையிலேயே பல வருடமாக எண்டோஸ்கோபி அறையில் நோயாளியின் தலைமாட்டில் நிற்பதுதான் வேலை. முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன் தம்பி, காரணத்தை அப்புறம் பார்க்கலாம். உங்கள் அம்மா மாதிரி உடல்வாகு உள்ளவருக்கு மூக்கில் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் ஆக்சிஜனை விட்டுவிட்டு மயக்கம் கொடுப்பது போதாது. ஹைஃப்ளோ, அதாவது மூக்கில் ஆக்சிஜனை அதிக வேகத்தில் செலுத்தும் மெஷின், அவருக்கு உதவும். ஆனால் அந்த மெஷின் இருக்கிற ஒரே காரணத்துக்காக அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தலைமாட்டில் அம்மாவின் மூச்சை மட்டும் பார்ப்பதற்கென்று ஓர் ஆள் நிற்பாரா, அவர் அதை எதை வைத்துப் பார்ப்பார் என்ற இரண்டு கேள்விக்கும் எங்கே நல்ல பதில் கிடைக்கிறதோ அங்கே போங்கள்.

சரி, ஆக்சிஜன் ஏன் குறைகிறது?

மயக்கம் என்று நாம் சொன்னாலும் எண்டோஸ்கோபிக்குக் கொடுப்பது பெரும்பாலும் முழு மயக்கம் இல்லை. மிடாசோலாம், ஃபென்டனில் போன்ற ஊசிகளைக் கொஞ்சமாகக் கொடுத்து அரைத்தூக்கத்தில் வைப்பார்கள். அல்லது பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் புரோபஃபாலைக் கொடுத்து நன்றாகத் தூங்க வைப்பார்கள். முதல் இரண்டின் வேலையை முறிக்கும் மருந்து உண்டு. புரோபஃபாலுக்குக் கிடையாது. அது தானாக இறங்கும் வரை நாம்தான் மூச்சைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல வேளையாகச் சில நிமிடங்களில் இறங்கிவிடும்.

இந்த மருந்துகள் இரண்டு விதமாக வேலை கொடுக்கும். மூளையில் மூச்சு விடச் சொல்லும் பகுதி மந்தமாகும். அதைவிட அடிக்கடி நடப்பது, தொண்டைத் தசைகள் தளர்ந்து நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைப்பது. நெஞ்சு ஏறி இறங்கும், வயிறு எக்கும், ஆனால் காற்று உள்ளே போகாது. தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு மூச்சு நன்றாக ஓடுகிற மாதிரியே தெரியும். குறட்டை விடுபவர்களுக்கு இது சீக்கிரம் வரும். இதற்கு மேல், அதே தொண்டை வழியாகத்தான் ஸ்கோப்பும் போகிறது. ஈஆர்சிபிக்குப் பயன்படுத்துவது பக்கவாட்டில் பார்க்கும் ஸ்கோப், வயிற்று எண்டோஸ்கோப்பை விடத் தடிமன் கூடியது. நோயாளியைக் குப்புறவோ இடது பக்கமாக ஒருக்களித்தோ படுக்க வைப்பார்கள். வேலை அரை மணி நேரமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். வயிற்றைச் சும்மா பார்த்துவிட்டு ஐந்து பத்து நிமிடத்தில் வெளியே வருகிற எண்டோஸ்கோபியோடு இதை ஒன்றாக வைத்துப் பேச முடியாது.

மூச்சு நின்றால் உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மூச்சை வெளியே விட்ட பிறகும் பெரியவர்களின் நுரையீரலில் சுமார் இரண்டரை லிட்டர் காற்று தங்கியிருக்கும். மாடியில் இருக்கும் தண்ணீர் டேங்க் மாதிரி அதை நினைத்துக்கொள்ளுங்கள், கரண்ட் போனால் அதில் இருக்கும் வரைக்கும்தான் குழாயில் தண்ணீர் வரும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான் என்பதால் அந்த இரண்டரை லிட்டரில் ஆக்சிஜன் மிஞ்சிப்போனால் அரை லிட்டர்தான் தேறும். உடம்போ நிமிடத்துக்கு 250 மில்லி செலவழிக்கிறது. ஒன்றிரண்டு நிமிடத்தில் கதை முடிந்தது. மூச்சு நிற்கும் முன்பே சுத்த ஆக்சிஜனை மூன்று நிமிடம் இழுக்க வைத்தால் இருப்பு இரண்டு லிட்டரைத் தாண்டும், கணக்குப்படி எட்டு நிமிடம் வரை தாங்கலாம். உங்கள் அம்மாவுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. எடை கூடியவர்கள் படுத்தால் வயிறு நெஞ்சை மேலே தள்ளி டேங்கே சின்னதாகிவிடும், செலவும் கூட. அவர்களுக்கு எட்டு நிமிடம் மூன்றாகச் சுருங்கலாம். மயக்க ஊசி போடும் முன்பே ஆக்சிஜனை வைத்து நிதானமாக மூச்சு விடச் சொல்ல வேண்டும் என்பதன் காரணம் இதுதான். ஊசி போட்டு, அளவு இறங்கிய பிறகு ஆக்சிஜனைக் கூட்டுவது தலைகீழ் வேலை.

இனி கருவிகளுக்கு வருவோம்.

சாதாரண மூக்குக் குழாய் எல்லோரும் பார்த்ததுதான், இரண்டு சின்ன முனைகள் மூக்குத் துவாரத்தில் உட்காரும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் முதல் ஆறு லிட்டர் வரை விடலாம். ஒவ்வொரு லிட்டருக்கும் உள்ளே போகும் ஆக்சிஜன் மூன்று நான்கு சதவீதம் கூடும் என்பது தோராயக் கணக்கு. அதாவது 2 லிட்டரில் 28 சதவீதம், 4 லிட்டரில் 36, 6 லிட்டரில் 44 பக்கம். ஆனால் நாம் மூச்சை இழுக்கும்போது காற்று நிமிடத்துக்கு 30 லிட்டர் வேகத்தில் உள்ளே பாயும். குழாய் கொடுப்பது அதில் சிறு பங்கு, மீதி அறைக் காற்று. வாயில் பல் கடிக்கும் வளையம் மாட்டித் திறந்து வைத்திருக்கும்போது இந்தக் கலப்பு இன்னும் கூடும். இருந்தாலும் இதை மட்டம் தட்ட மாட்டேன். ஒல்லியான, இளவயது, வேறு நோய் இல்லாத ஆளுக்கு, பத்து நிமிட வேலைக்கு, நான்கு லிட்டர் மூக்குக் குழாயோடு பக்கத்தில் கவனமான ஓர் ஆளும் இருந்தால் தாராளமாகப் போதும். எத்தனையோ பேருக்கு அப்படித்தான் நடந்து, நல்லபடியாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

முகமூடிகளில் சாதாரணமானது 5 முதல் 10 லிட்டர் வரை ஓடும், 35 முதல் 60 சதவீதம் வரை கொடுக்கும். ஐந்துக்குக் கீழே விட்டால் வெளியே விட்ட கரியமில வாயுவையே திரும்ப இழுக்கிற நிலை வரும். பை வைத்த முகமூடியில் 10 முதல் 15 லிட்டர் விட்டால் இன்னும் மேலே போகலாம். சிக்கல், வாய் வழியாக ஸ்கோப் போகும்போது முகமூடியை எங்கே வைப்பது என்பதுதான். பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு அந்தத் தொல்லை இல்லை, முகம் முழுக்க நம்முடையது. வாய் வழி வேலைக்கென்று நடுவில் ஓட்டை வைத்த எண்டோஸ்கோபி முகமூடிகள் தனியாக வருகின்றன. அந்த ஓட்டையில் ஒரு சவ்வு இருக்கும், ஸ்கோப் அதன் வழியாக நுழையும். விலை அதிகமில்லை, மெஷினும் வேண்டாம். நம் பக்கத்தில் இதை இன்னும் பரவலாகப் பார்க்க முடிவதில்லை என்பது என் வருத்தம். சில இடத்தில் சாதாரண முகமூடியில் கத்திரியால் ஓட்டை போட்டு ஒப்பேற்றுவார்கள். அதுவும் வேலை செய்யும்.

ஹைஃப்ளோ வேறு சங்கதி. காற்றையும் ஆக்சிஜனையும் வேண்டிய விகிதத்தில் கலந்து, உடல் சூட்டுக்கு, அதாவது 37 டிகிரிக்குச் சூடாக்கி, ஈரமாக்கி, நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை அகலமான குழாய் வழியாக மூக்கில் செலுத்தும். சில மெஷின்கள் 70 வரை போகும். நோயாளி இழுக்கும் வேகத்துக்கு ஈடுகொடுப்பதால் அறைக் காற்று பெரிதாகக் கலக்காது. 60 சதவீதம் வைத்தால் ஏறக்குறைய 60 போய்ச் சேரும். மூக்கிலும் தொண்டையிலும் தேங்கும் கரியமில வாயுவை அலசித் தள்ளும். வாயை மூடியிருந்தால் கொஞ்சம் அழுத்தமும் கிடைக்கும், அது நுரையீரலின் சிறு அறைகள் சுருங்காமல் பிடித்து வைக்கும். எண்டோஸ்கோபியில் வாய் திறந்தே இருப்பதால் இந்த அழுத்தம் பெருமளவு போய்விடும். விற்பனைக்கு வருகிறவர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். இன்னொன்றும் உண்டு. நாக்கு பின்னால் சரிந்து வழி முழுக்க அடைத்துவிட்டால் 60 லிட்டரும் மூக்கோடு திரும்பி வரும், உள்ளே போகாது. தாடையை முன்னால் தூக்கிப் பிடிக்க ஒரு கை வேண்டும்.

இவை போக நடுவில் சில வழிகள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது, மூக்கு வழியாகத் தொண்டை வரை போகும் மெத்தென்ற ரப்பர் குழாய். அது சரிந்த நாக்கைத் தாண்டி வழியைத் திறந்து வைக்கும். அதன் முனையில் செயற்கைச் சுவாசக் குழாய்க்கான இணைப்பை மாட்டி, மயக்க மெஷினின் பையோடு சேர்த்துவிட்டால் ஆக்சிஜன் நேராகத் தொண்டைக்கே போகும். மூச்சு ஓடுகிறதா என்பதும் அந்தப் பை சுருங்கி விரிவதில் தெரியும். எல்லாம் அறையில் ஏற்கெனவே இருக்கும் சாமான்கள்தான். மூக்கில் ரத்தம் வரலாம், ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுபவருக்கு ஆகாது, அவ்வளவுதான். காமாலையிலும் ரத்தம் உறைவது தாமதப்படும் என்பதால் உங்கள் அம்மாவுக்கு அந்தச் சோதனை முடிவைப் பார்த்துவிட்டுத்தான் இதை யோசிக்க வேண்டும். சீனாவில் தொண்டைக்குள் ஆக்சிஜனை விட்டுவிட்டுப் பீய்ச்சும் ஜெட் முறையையும் பெரிய அளவில் சோதித்துப் பார்த்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். அதற்கென்று தனிக் கருவியும் பழகிய கையும் வேண்டும்.

கடைசி வழி, முழு மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாயில் டியூப் போட்டுவிடுவது. ரத்த வாந்தி எடுப்பவர், வயிறு காலியாகாதவர், மிக அதிக எடையுள்ளவர், குப்புறப் படுத்து நீண்ட நேரம் வேலை நடக்கப் போகிறவர் என்றால் நான் யோசிக்காமல் இதற்குத்தான் போவேன். ‘டியூப் போடப் போகிறோம்’ என்றால் வீட்டார் பயந்துவிடுகிறார்கள், ஏதோ கடைசிக் கட்டம் மாதிரி. இது வென்டிலேட்டரில் கிடப்பது இல்லை. வேலை முடிந்து விழித்ததும் அங்கேயே எடுத்துவிடுவார்கள்.

சரி, ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன? ஹைஃப்ளோவுக்குச் சாதகமாக எல்லோரும் காட்டுவது 2019இல் சீனாவில் 1,994 பேரிடம் நடந்த சோதனை. புரோபஃபால் கொடுத்து வயிற்று எண்டோஸ்கோபி செய்தார்கள். சாதாரணக் குழாய் வைத்தவர்களில் 8.4 சதவீதம் பேருக்கு ஆக்சிஜன் குறைந்தது, ஹைஃப்ளோ வைத்தவர்களில் ஒருவருக்குக்கூடக் குறையவில்லை. கேட்க அசத்தலாக இருக்கும். ஆனால் எதிரணிக்குக் கொடுத்தது வெறும் 2 லிட்டர். இரண்டு லிட்டரோடு அறுபது லிட்டரை மோதவிட்டால் யார் ஜெயிப்பார் என்று கேட்க வேண்டியதில்லை. நான்கோ ஆறோ கொடுத்து ஒப்பிட்டிருந்தால் இடைவெளி சுருங்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

எனக்கு அதைவிடப் பயனாகத் தெரிவது 2021இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு. அதில் ஆபத்து கூடியவர்களை மட்டும் சேர்த்தார்கள்: வயதானவர்கள், எடை கூடியவர்கள், இதய நோய் உள்ளவர்கள், தூக்கத்தில் மூச்சு அடைப்பவர்கள். மொத்தம் 379 பேர். ஆக்சிஜன் அளவு 92 சதவீதத்துக்கு இறங்கியது சாதாரண முறையில் 33.5 சதவீதம் பேருக்கு, ஹைஃப்ளோவில் 9.4 சதவீதம் பேருக்கு. உங்கள் அம்மா இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் தம்பி. நான் ஹைஃப்ளோ உதவும் என்று சொன்னது இதை வைத்துத்தான்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஈஆர்சிபிக்கு வந்த 131 பேரிடம் இதே ஒப்பீட்டைச் செய்து 2022இல் வெளியிட்டார்கள். ஆக்சிஜன் குறைந்தது ஹைஃப்ளோவில் 7.7 சதவீதம் பேருக்கு, சாதாரணக் குழாயில் 9.1 சதவீதம் பேருக்கு. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. 131 பேர் சின்னத் தொகைதான், ஆனாலும் உங்கள் அம்மாவுக்குச் செய்யப் போகும் அதே வேலை என்பதால் ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் மிக அதிக எடை உள்ளவர்களுக்குக் கொலோனோஸ்கோபியில் ஒரு சிறிய சோதனை நடந்தது. இரண்டு பக்கமும் ஆக்சிஜன் சதவீதத்தை ஏறக்குறைய ஒன்றாக வைத்து, வேகத்தை மட்டும் மாற்றினார்கள். அதிலும் வித்தியாசம் தெரியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது, ஹைஃப்ளோவின் பலனில் பெரும்பங்கு அது கொடுக்கும் ஆக்சிஜன் சதவீதத்தால் வருகிறது. அதே சதவீதத்தை நல்ல முகமூடியாலோ தொண்டைக் குழாயாலோ கொடுக்க முடிந்தால், மெஷின் இல்லாத இடத்திலும் பெரும்பாலான நோயாளிகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆக்சிஜனைக் கூட்டக் கூட, மூச்சு நின்றதைக் கண்டுபிடிப்பது தாமதமாகும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரைக் கொரோனாவுக்குப் பிறகு நம் ஊரில் தெரியாதவர் இல்லை. அது காட்டுவது ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனை. மூச்சு ஓடுகிறதா என்று அதற்குத் தெரியாது. நுரையீரல் முழுக்க ஆக்சிஜன் நிரம்பியிருந்தால், மூச்சு நின்று இரண்டு மூன்று நிமிடம் ஆன பிறகும் 99 என்றே காட்டிக்கொண்டிருக்கும். போதாததற்கு நுரையீரலில் நடந்தது விரலுக்கு வந்து சேர அரை நிமிடம் வரை ஆகும், கை சில்லிட்டிருந்தால் இன்னும் கூட. எண் 90 வந்துவிட்டால் அதற்கு மேல் சரிவு மெதுவாக இருக்காது, படபடவென்று 70க்குப் போய்விடும்.

மூச்சையே நேராகப் பார்க்கும் கருவி கேப்னோகிராஃப். மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை அளந்து திரையில் அலை அலையாக வரையும். தலைமாட்டில் நிற்கும்போது நான் பார்ப்பது இப்படி இருக்கும்: மஞ்சள் அலை சீராக வந்துகொண்டிருக்கும், திடீரென்று ஒன்று குட்டையாகும், அடுத்தது வரவே வராது, கோடு தரையோடு படுத்துவிடும். பக்கத்தில் சாச்சுரேஷன், அதாவது ஆக்சிமீட்டர் காட்டும் ஆக்சிஜன் அளவு, 98, ‘பீப்’ சத்தம்கூட மாறியிருக்காது. ஸ்கோப் போடும் டாக்டர் திரையில் கல்லைத் தேடிக்கொண்டிருப்பார், அவருக்கு எதுவும் தெரியாது. நான் இரண்டு விரலைத் தாடைக் கோணத்துக்குப் பின்னால் கொடுத்து முன்னுக்குத் தூக்குவேன். ஒரு குறட்டைச் சத்தம், ஒரு பெருமூச்சு, கோடு மறுபடி எழும்பும். சாச்சுரேஷன் கடைசி வரை 98தான். வெளியே காத்திருக்கும் வீட்டாருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரிய வேண்டியிருக்காது. அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியில், மிதமான மயக்கத்துக்கே கேப்னோகிராஃபி வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நம் ஊரில் பெரிய ஆபரேஷன் தியேட்டர்களில் இது இருக்கும், எண்டோஸ்கோபி அறையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தனிக் குழாய் வாங்க முடியாத இடத்தில், சலைன் ஏற்றும் ஊசியின் பிளாஸ்டிக் உறையை மூக்குக் குழாயின் முனையில் சொருகி, அதில் கேப்னோகிராஃபின் குழாயை மாட்டுவோம். எண் துல்லியமாக வராது, ஆனால் அலை வருகிறதா இல்லையா என்பது தெரியும், நமக்கு வேண்டியது அதுதான். ஹைஃப்ளோ ஓடும்போது இந்த அலை அலசப்பட்டு மங்கிவிடும் என்பது அந்த மெஷினின் குறை. அதை வைத்தால் நெஞ்சில் கையும் தொண்டையில் காதும் கூடுதலாக வேண்டும்.

மெஷின் எங்கும் ஏன் இல்லை என்று கேட்டால், விலை ஒரு பக்கம், ஆக்சிஜன் செலவு மறுபக்கம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் கறுப்பு உடம்பும் வெள்ளைத் தோளும் கொண்ட பெரிய சிலிண்டரில் 7,000 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். 4 லிட்டர் மூக்குக் குழாய்க்கு அது ஒரு நாளைத் தாண்டியும் வரும். ஹைஃப்ளோவில் 60 லிட்டரை முழு ஆக்சிஜனாக விட்டால் இரண்டு மணி நேரம்கூட வராது. 1,500 லிட்டர் பிடிக்கும் சின்ன சிலிண்டர் என்றால் 25 நிமிடம். சதவீதத்தை 50க்குக் குறைத்தாலும் நிமிடத்துக்கு 22 லிட்டர் சுத்த ஆக்சிஜன் போய்க்கொண்டுதான் இருக்கும். சுவரில் இருக்கும் சாதாரண மீட்டர் 15 லிட்டருக்கு மேல் கொடுக்காது, அதற்கும் வேறு மீட்டர் வேண்டும். குழாய் வழி ஆக்சிஜன் வரும் மருத்துவமனையில்தான் இது சரிப்படும். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் ராக்கெட்டுக்கு வைத்திருந்த திரவ ஆக்சிஜன் நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கு டேங்கரில் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஹைஃப்ளோ மெஷின்களும் பல இடங்களுக்கு அந்தச் சமயத்தில் வந்தவைதான். வார்டில் வேலை முடிந்து ஓரமாக நிற்பதை எண்டோஸ்கோபி அறைக்குத் தள்ளிக்கொண்டு வருவது நல்ல யோசனைதான். ஆனால் ஓட்டத் தெரிந்த ஆளும் ஈரமாக்கும் தண்ணீரும் புதுக் குழாயும் இருக்க வேண்டும்.

ஆகவே கட்டணம் கூடுவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதற்கென்று வாங்கும் குழாய் மறுபடி பயன்படுத்தக் கூடாதது. ஆனால் அந்தக் கட்டணத்தில் மயக்க மருத்துவர் அடக்கமா என்று கேளுங்கள். மெஷின் மட்டும் இருந்து, ஸ்கோப் போடும் டாக்டரே ஊசிக்கும் உத்தரவு கொடுத்துக்கொண்டு, ஒரு நர்ஸ் மருந்து, கம்பி எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு மூச்சையும் பார்க்க வேண்டும் என்றால், நான் என் அம்மாவை அங்கே படுக்க வைக்க மாட்டேன். சாதாரணக் குழாய்தான் என்று சொன்ன இடத்தில் மயக்க மருத்துவர் தனியாக இருந்து, கேப்னோகிராஃபும் இருந்து, ‘தேவைப்பட்டால் தொண்டைக் குழாய் வைப்போம், முடியாவிட்டால் டியூப் போட்டுவிடுவோம்’ என்று சொன்னால் நான் அங்கே போவேன். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

குப்புறப் படுக்க வைத்துத்தான் செய்வார்களா என்பதையும் விசாரியுங்கள். அப்படியானால் அவசரத்தில் திருப்பிப் போட ஸ்ட்ரெச்சர் கதவுக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். எடை கூடியவர்களுக்கு ஒருக்களித்த நிலை, அல்லது முதலிலேயே டியூப், இரண்டில் ஒன்றை நான் விரும்புவேன். உங்கள் அம்மாவை நான் பார்த்தால் டியூப் பக்கம்தான் சாய்வேன் என்று நினைக்கிறேன். நேரில் கழுத்தையும் வாயையும் பார்க்கும் மருத்துவர் வேறு மாதிரி முடிவு செய்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

உங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியவை சில உண்டு. குறட்டையை ‘அது எல்லோருக்கும் இருப்பதுதானே’ என்று சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுந்தால் அதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள், முடிந்தால் ஓர் இரவு செல்போனில் பதிவு செய்து காட்டுங்கள். இளைப்புக்கு எடுக்கும் இன்ஹேலரை அன்றைக்கும் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் எடுக்கச் சொல்வோம். இளைப்பு முற்றியிருந்தால் முதலில் நெபுலைசர் வைத்து நெஞ்சைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் (சிஓபிடி) உள்ளவர்களுக்கு வேலை முடிந்து வார்டில் கிடக்கும்போது சாச்சுரேஷன் 88 முதல் 92 வரை இருந்தாலே போதும் என்று வைப்போம், வீட்டார் 100 வரவில்லை என்று குழாயைத் திருகிக் கூட்டக் கூடாது. சாப்பாடு ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், பால் சேர்ந்த காப்பியும் சாப்பாட்டுக் கணக்கில்தான். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். விடியற்காலை பஸ்ஸில் வரும்போது ‘ஒரு வாய் காப்பிதானே’ என்று வாங்கிக் கொடுத்துவிட்டு, எங்களிடம் வெறும் வயிறு என்று சொல்பவர்கள் உண்டு. மயக்கத்தில் அந்தப் பால் மேலேறி நுரையீரலுக்குள் போனால் எந்த மெஷினும் உடனே கைகொடுக்காது. கொடுத்துவிட்டால் சொல்லிவிடுங்கள், நேரத்தைத் தள்ளி வைப்போம், யாரும் திட்ட மாட்டார்கள். பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள், நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள்.

ஒன்று முக்கியம். காமாலையோடு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால், அல்லது அம்மா தடுமாறிப் பேசினால், பித்தக் குழாயில் கிருமி ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது எந்த இடத்தில் எந்த மெஷின் என்று விசாரித்துக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் சரி, வேறு பெரிய இடமானாலும் சரி, பக்கத்தில் இருப்பதற்கு அன்றைக்கே கூட்டிப் போய் முதலில் ஆன்டிபயாடிக்கை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தம் உறையும் சோதனை முடிவு, பழைய நெஞ்சு எக்ஸ்ரே, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.